தொம்மையின் கீழ் லா

"ஒரு சுரம் செத்துப்போச்சு, தாயி," என்றார் தொம்மை.

கோமு நிமிரவில்லை. ஒரு ஆர்மோனியத்தின் துருத்தியைப் பிரித்துப் போட்டு, மடிப்பில் பசை தடவிக்கொண்டிருந்தாள்.

"எந்தச் சுரம்?"

"கீழ லா."

"மத்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம் உசிரோட இருக்கு."

"உக்காருங்க அண்ணாச்சி."

பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒற்றைக் கதவு போட்ட கடை. பெயர்ப் பலகை கிடையாது. கோமு முதலில் மண்ணெண்ணெய் ஸ்டவ் ரிப்பேர் பார்த்தவள். ஒருமுறை பேண்டு வாசிக்கிற ஒருவர் விளையாட்டாகத் தன் கிளாரினெட்டை நீட்டி, "இதுல காத்து எங்க ஒழுகுது, சொல்லு பாப்போம்" என்றார். சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து வாத்தியங்களும் வர ஆரம்பித்தன. அவளுக்கு ஒரு பாட்டும் ஊதத் தெரியாது. நாற்பது வயது. சிரிக்க மாட்டாள். அதிகம் பேசவும் மாட்டாள்.

தொம்மைக்கு அறுபத்தொன்று. கடற்கரை ஊர்க்காரர். அங்கே ஐஸ் கம்பெனியில் ஐஸ் கட்டி உடைக்கிற வேலை. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. இருபத்தேழு வருஷமாகக் கோயில் பேண்டில் கிளாரினெட்.

இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு கிளாரினெட்டை வாங்கினாள். பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள்.

"எத்தனை நாளா வரலை?"

"எட்டு மாசமா எடுக்கவே இல்ல. பெரிய வெள்ளிக்கு முந்தின தபசு காலம் தொடங்கவும் எடுத்து ஊதினேன். அந்த ஒண்ணு மட்டும் வரமாட்டேங்கு."

"ஒரு தடவை ஊதிக் காட்டுங்க."

"இங்க வச்சா?"

"இங்கதான்."

"அது பெரிய வெள்ளிப் பாட்டு, தாயி. கடையில வச்சு ஊதுற பாட்டு இல்ல."

கோமு வற்புறுத்தவில்லை. கிளாரினெட்டின் துளைகளை விரலால் அடைத்தாள். அடிப்பக்கத்தை உள்ளங்கையால் மூடினாள். மேலே வாய் வைத்து உறிஞ்சினாள். பிறகு ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, துளையை மூடுகிற ஒவ்வொரு சாவிக்கும் பக்கத்தில் பிடித்தபடி மெதுவாக ஊதினாள்.

தொம்மை கீழே கையைக் காட்டினார். "லா இந்தப் பக்கம், தாயி. நீ மேல பாக்க."

"கீழ சத்தம் வரலேன்னா மேலதான் பாக்கணும். மேல ஒரு எடத்துல ஒழுகினா கீழ போய்ச் சேரக் காத்து இருக்காது."

மேலே ஒரு சாவியின் அடியில் ஒட்டியிருந்த மெத்தை காய்ந்திருந்தது. புகை அங்கே லேசாகக் கலைந்தது. அதைப் பிய்த்துவிட்டுப் புதிதாக ஒன்று ஒட்டினாள்.

"போய் ஊதிப் பாருங்க."

*

தொம்மை ஊருக்குப் போய் ஊதிப் பார்த்தார்.

ஐஸ் கம்பெனிக்குப் பின்னால், கடலைப் பார்த்தபடி ஒரு சுவர். சாயங்காலம் வேலை முடிந்ததும் அங்கே போய் உட்காருவார். முன்பெல்லாம் இரண்டு பேர் உட்கார்ந்த சுவர் அது. இப்போது ஒருத்தர்.

அந்தப் பாட்டில் நாலே வரிதான். பெரிய வெள்ளி அன்று சாயங்காலம் ஆண்டவரின் சொரூபத்தைச் சிலுவையிலிருந்து இறக்குவார்கள். தூம்பா என்கிற சவப்பெட்டியில் கிடத்தி, தோளில் தூக்கி ஊரைச் சுற்றுவார்கள். அன்றைக்கு மணி அடிக்காது. டிரம் கிடையாது. கிளாரினெட் மட்டும்தான். முதல் வரி தயங்கித் தயங்கி நடக்கும். இரண்டாவது வரி படி இறங்குகிற மாதிரி இறங்கிப் போய், கடைசியில் அந்தக் கீழ் லாவில் நிற்கும். நாலு அடி நடக்கிற நேரம் நிற்கும். தூம்பா தூக்குகிறவர்கள் அந்த நாலு அடியை அந்தச் சத்தத்தின் மேல்தான் எடுத்து வைப்பார்கள்.

தொம்மை ஊதினார். முதல் வரி நடந்தது. இரண்டாவது வரி இறங்கியது.

லா வரவில்லை.

விரல்கள் எல்லாத் துளையையும் மூடியிருந்தன. கடல் மட்டும் சத்தம் போட்டது.

பத்துத் தடவை ஊதினார். பத்துத் தடவையும் அதே இடத்தில் அதே பள்ளம்.

*

"வரலை," என்றார், எட்டு நாள் கழித்து.

"விரலை நீட்டுங்க."

நீட்டினார். கோமு சுண்ணாம்புக்கட்டியைப் பொடித்து, பத்து விரல் நுனியிலும் தடவினாள்.

"எல்லாத்தையும் மூடுங்க. எடுங்க. காட்டுங்க."

சுண்ணாம்பில் துளைகளின் அச்சு வட்டம் வட்டமாகப் பதிந்திருந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு வட்டமும் உடைந்திருக்கவில்லை.

"ஐஸ்ல வேலை பாக்குற கை," என்றார் தொம்மை. "மரத்துப்போயிருக்கும்னு நெனச்சேன்."

"விரல்ல கொறை இல்ல."

வாயில் வைக்கிற ரீடைக் கழற்றி வேறொன்று மாட்டினாள்.

"பாட்டு வேண்டாம். லா மட்டும் ஊதுங்க."

தொம்மை தயங்கினார். கண்ணை மூடிக்கொண்டார். ஊதினார்.

லா வந்தது.

தடித்து, இருட்டாக, தரையோடு தரையாக வந்தது. அலமாரியில் இருந்த டீ கிளாஸ் கிணுகிணுத்தது. வாசலில் போன ஒரு அம்மா நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

தொம்மைக்குக் கண் கலங்கிவிட்டது. "வந்துட்டு தாயி."

கோமு பழைய ரீடைத் திரும்ப மாட்டினாள்.

"இதுல ஊதுங்க."

அதிலும் வந்தது.

"அப்ப ரீடும் காரணம் இல்ல," என்றாள்.

"காரணம் எதுவா இருந்தா என்ன? அதான் வந்துட்டே!"

கிளாரினெட்டைத் துணியில் சுற்றி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி நெஞ்சோடு வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். அன்றைக்கு அந்தச் சுவருக்கு நடக்கவில்லை, கிட்டத்தட்ட ஓடினார்.

முதல் வரி. இரண்டாவது வரி. இறங்கினார்.

வரவில்லை.

*

மூன்றாம் முறை வந்தபோது அவர் உட்காரவில்லை.

"என்னை ஏமாத்திட்ட."

"எதுல?"

"இங்க வருது. அங்க வரலை. தனியா ஊதினா வருது. பாட்டுக்குள்ள போனா வரலை. பெரிய வெள்ளிக்கு இன்னும் பதினஞ்சு நாள். ஊர் முழுக்க அந்தப் பாட்டுக்குப் பின்னாலதான் நடந்து வரும். ஒரு ஆள், ஒரு கிளாரினெட், அதுவும் ஊமை. நான் என்ன செய்யட்டும்?"

"பாட்டை ஊதுங்க."

"சொன்னேன்லா, கடையில வச்சு..."

கோமு எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். ஆர்மோனியத்தையும் கருவிகளையும் ஒரு ஓரமாகத் தள்ளினாள். தலையில் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"இப்ப இது கடை இல்ல," என்றாள். "ஊதுங்க அண்ணாச்சி."

தொம்மை செருப்பைக் கழற்றிவிட்டு ஊத ஆரம்பித்தார்.

போன பெரிய வெள்ளிக்குப் பிறகு முதல் தடவையாக அந்தப் பாட்டை இன்னொரு ஆள் இருக்கிற இடத்தில் ஊதுகிறார். அது நினைவுக்கு வந்ததும் முதல் சுரம் கொஞ்சம் ஆடியது. பிறகு நிலைத்தது.

கோமு பாட்டைக் கேட்கிற மாதிரி தெரியவில்லை. ஊதுபத்தியைக் கொளுத்தி, அவர் உதட்டோரத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தாள். புகை அவர் முகத்தை விட்டு விலகி விலகிப் போனது.

இரண்டாவது வரி இறங்கியது.

லா வரவேண்டிய இடம் வந்தது. வரவில்லை.

"நிறுத்தாதீங்க."

மூன்றாவது வரி ஏறியது. நான்காவது முடிந்தது.

"இன்னொரு தடவை," என்றாள். "இப்ப கண்ணைத் திறந்து வச்சுக்கிடுங்க. புகையை மட்டும் பாருங்க."

ஊதினார். புகை விலகிப் போனது. விலகிப் போனது. விரல்கள் எல்லாத் துளையையும் மூடின.

புகை திரும்பியது. நூல் மாதிரி நீண்டு, அவர் வாயோரத்துக்குள் போனது.

தொம்மைக்கு இருமல் வந்துவிட்டது.

கோமு ஊதுபத்தியைத் தண்ணீரில் முக்கி அணைத்தாள்.

"அந்த எடத்துல நீங்க ஊதலை அண்ணாச்சி. மூச்சு எடுக்கீங்க."

"இருக்காது."

"பாத்தீங்கள்லா?"

"இருக்காது தாயி. இருபத்தேழு வருஷம். வருஷம் தவறாம அந்த லாவை என் காதால கேட்டிருக்கேன்."

"கேட்டிருப்பீங்க. ஊதினது யாரு?"

தொம்மை முக்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

வெளியே யாரோ வெங்காய மூட்டையை இறக்கிப் போடும் சத்தம் கேட்டது.

"சந்தியாகு," என்றார்.

"அது யாரு?"

"ரெண்டு பேரும் சேந்துதான் ஊதுவோம். அவன் இடது பக்கம், நான் வலது பக்கம். ஒரே பாட்டு, ஒரே சுரம். ரெண்டு பேரும் எல்லாத்தையும் ஊதுதோம்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

"அவுக எங்க?"

"ஆடி மாசம் போயிட்டான். நெஞ்சு வலி."

அவள் அனுதாபமாக ஒன்றும் சொல்லவில்லை. அது அவருக்கு ஆறுதலாக இருந்தது. அதனால்தானோ என்னவோ, யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

"சாகும்போது எனக்கும் அவனுக்கும் பேச்சு இல்ல, தாயி."

"ஏன்?"

"மூணாவது வரி மேல ஏறும். கேட்டேல்லா? உச்சியில ஒரு எடம். அங்க வந்ததும் அவன் விட்டுருவான். வருஷா வருஷம் விட்டுருவான். நான் ஒருத்தன் அதைத் தனியாத் தூக்கிட்டு நிப்பேன். இருபத்தாறு வருஷம் பொறுத்தேன். போன பெரிய வெள்ளிக்குப் பொறுக்க முடியலை. கோயில் முற்றத்துல, பங்குச் சாமியார் நிக்காரு, ஊரே நிக்கி, எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன். 'நீ பாதியில விட்டுட்டுப் போற ஆளு. உன்னை நம்பி எவனும் ஊத முடியாது'ன்னு."

"அவுக என்ன சொன்னாக?"

"ஒண்ணும் சொல்லலை. கிளாரினெட்டைத் தொடச்சு உறையில போட்டான். போயிட்டான். அதுக்கப்புறம் அந்தச் சுவத்துப் பக்கம் வரலை. நானும் கூப்பிடலை. மூணு மாசம். அடக்கத்துக்குப் போனேன், கிளாரினெட் கொண்டுபோகலை. பின்னால நின்னுட்டு வந்துட்டேன். அவன் வீட்டுப் படி இன்னும் ஏறலை."

கோமு கிளாரினெட்டை அவர் மடியிலிருந்து எடுத்தாள். மூட்டு மூட்டாகக் கழற்றினாள். உள்ளே துணி விட்டு இழுத்து ஈரத்தைத் துடைத்தாள். பெட்டியில் அடுக்கினாள்.

"இதுக்கு என்ன வழி?" என்றார் தொம்மை.

"எதுக்கு?"

"லாவுக்கு."

"இதுல ஒழுகல் இல்ல அண்ணாச்சி. அடைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல." பெட்டியை மூடினாள். "முதல் வரி முடியிற எடத்துல மூச்சு எடுத்துப் பழகுங்க. பத்து நாள்ல லா வந்துரும்."

"வந்துருமா?"

"வந்துரும்."

அவர் பெட்டியை வாங்கிக்கொண்டு கதவு வரை போனார். திரும்பினார்.

"உச்சியில அவன் விட்டது..."

கோமு ஆர்மோனியத்தைத் தன் பக்கம் இழுத்துவிட்டிருந்தாள்.

"அவுகளும் எங்கயாவது மூச்சு எடுக்கணும்லா," என்றாள், தலை நிமிராமல்.

*

பத்து நாள் வேண்டியிருக்கவில்லை. ஏழாம் நாளே லா வந்துவிட்டது.

தொம்மை முதல் வரியின் கடைசியில் மூச்சை இழுத்து அடிவயிற்றில் வைத்துக்கொண்டார். இறங்கினார். லா நின்றது. நாலு அடி நேரம், ஆடாமல், அசையாமல் நின்றது.

நன்றாகத்தான் இருந்தது. பாட்டில் இப்போது ஓட்டை ஒன்றும் இல்லை. முதலிலிருந்து கடைசி வரை ஒரே ஆள் ஊதுகிற பாட்டாக ஆகிவிட்டது.

அவர் கிளாரினெட்டை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் வெறுமையாகக் கிடந்த சுவரைப் பார்த்தார். வெயில் அதன் மேல் முழுதாக விழுந்திருந்தது. மறைக்க ஆள் இல்லை.

மறுநாளும் ஊதினார். மறுநாளும் லா வந்தது. ஒரு தடவைகூடத் தவறவில்லை.

*

பெரிய வெள்ளி அன்று சாயங்காலம் சொரூபத்தை இறக்கினார்கள். மணிக்குப் பதிலாக மரக்கட்டையைத் தட்டினார்கள். நான்கு பேர் தூம்பாவைத் தோளில் ஏற்றினார்கள். கூட்டம் செருப்பில்லாமல் மணலில் நின்றது.

தொம்மை முன்னால் நின்றார், வலது பக்கம். இடது பக்கம் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தார். யாரும் அவரை நடுவில் நிற்கச் சொல்லவில்லை.

ஊதினார். தூம்பா நகர்ந்தது.

முதல் வரி நடந்தது. வரி முடிகிற இடத்தில் பழகிய மாதிரி மூச்சு எடுத்தார். நெஞ்சு நிறைந்தது. இரண்டாவது வரி இறங்க ஆரம்பித்தது. படிப்படியாக இறங்கினார்.

லாவுக்கு வந்தார். எல்லாத் துளையையும் மூடினார். மூச்சு இருந்தது. வேண்டிய அளவு இருந்தது.

கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்தார்.

தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் தூம்பா தூக்கியவர்கள் நின்றார்கள். பின்னால் ஊர் முழுவதும் நின்றது. கடல் சத்தம் கேட்டது. அழுதுகொண்டிருந்த ஒரு கிழவிகூட அழுகையை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

நாலு அடி நேரம்.

பிறகு தொம்மை மூன்றாவது வரியை எடுத்தார். உச்சிக்கு ஏறினார். அங்கே தனியாக நின்றார். முன்பெல்லாம் அந்த இடத்தில் வருகிற கோபம் வரவில்லை.

ஊரைச் சுற்றி வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பாட்டு எத்தனை முறை திரும்பி வந்ததோ, அத்தனை முறையும் லாவில் கிளாரினெட்டைக் கீழே இறக்கினார். இரண்டாவது தெருவிலிருந்து தூம்பா தூக்குகிறவர்களுக்குப் பழகிவிட்டது. அந்த இடம் வந்ததும் தாங்களாகவே நின்றார்கள்.

*

கோயில் முற்றத்தில் தூம்பாவை இறக்கி வைத்த பிறகு பங்குச் சாமியார் அவரிடம் வந்தார். நாலைந்து பேர் கூடவே வந்தார்கள். அப்புறம் இன்னும் பத்துப் பேர்.

"தொம்மை, கீழ அந்த எடத்துல என்ன ஆச்சு? வாத்தியம் கோளாறா?"

"இல்ல சாமி."

"பின்ன?"

தொம்மை சுற்றிப் பார்த்தார். போன வருஷம் நின்ற அதே முகங்கள்தான். கூட்டத்தின் ஓரத்தில் சந்தியாகுவின் மனைவி செபஸ்தியம்மாள் நின்றிருந்தாள். அடக்கத்துக்குப் பிறகு அவர் நேராகப் பார்க்காத முகம்.

"அந்த எடத்துல நான் விட்டுருவேன் சாமி," என்றார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார். "எப்பவும் விட்டுருவேன். அங்க சந்தியாகுதான் ஊதுவான். எனக்கே இப்பத்தான் தெரியும். போன வருஷம் இதே எடத்துல நின்னு, பாதியில விடுற ஆளுன்னு அவனைச் சொன்னேன். அவன் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லலை."

செபஸ்தியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவர் எதிரில் நின்றாள். அடிக்க வருகிறாள் என்று நினைத்தார். அடித்தால் தேவலை என்றும் நினைத்தார்.

"எனக்குத் தெரியும்ணே," என்றாள்.

"என்னம்மா தெரியும்?"

"தபசு காலம் பூரா வீட்டுல அந்த ஒத்தை எடத்தத்தான் திருப்பித் திருப்பி ஊதுவாக. காது புளிச்சுப் போவும். முழுப் பாட்டையும் ஊதுனா என்னன்னு கேப்பேன்."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"'இந்த எடத்துல மட்டுந்தான் நான் தனியா நிக்கணும். மிச்சத்துக்கெல்லாம் தொம்மை இருக்கான்'னுவாக."